யோடல் கேட்டு வந்த வாத்துகள்

பசுமலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்தும் பத்ரிக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்றால் உயிர். பிடில், பான்ஜோ, நடுவே குரலை உடைத்து உச்சிக்கு ஏற்றும் யோடல், பின்னணியில் வடை பொரிவது போல இசைத்தட்டின் கரகரப்பு. அப்படி ஒரு பாட்டை ஏஐ வைத்து உருவாக்கிவிடத் துடித்தார். வார்த்தைகள் மட்டும் அவருடையவை: ‘கூடல்நகர் ரயிலும் போச்சு, கூட வந்தவளும் போயாச்சு.’

ஏஐ பாடியது. பத்ரிக்குப் பிடிக்கவில்லை. மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தும் பழைய வாடையே வரவில்லை. உடன் வேலை பார்க்கும் இசைவாணியிடம் போட்டுக் காட்டினார்.

“சார், இவரு பல்லு வெளக்கி, பவுடர் போட்டு வந்து பாடுறாரு. எங்க திருவாதவூர் வயல்ல இதை ஸ்பீக்கர்ல போட்டு, தள்ளி நின்னு போன்ல பதிவு பண்ணுங்க. காத்தாவது சேரும்ல?”

பொங்கல் விடுமுறையில் போனார்கள். அறுவடை முடிந்த வயலின் வரப்பில் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, பத்ரி போனோடு தள்ளி நின்றார். பாட்டு ஆரம்பித்தது. யோடல் வந்த இடத்தில், அடுத்த வயலில் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமாகத் தலையைத் தூக்கியது. அடுத்த யோடலுக்கு ஓடியே வந்துவிட்டது.

பின்னாலேயே வாத்துக்காரர் வீரணன் மூச்சிரைக்க வந்தார். “யாருய்யா அது, என் வாத்தக் கூப்புடுறது?”

“நாங்க கூப்பிடலைங்க. பாட்டுதான்...” என்றார் பத்ரி.

வீரணன் காதைத் தீட்டினார். “அட, என்னைய மாதிரியே கூப்புடுறானே! எந்த ஊருக்காரன்?”

“ஆளே இல்லண்ணே, கம்ப்யூட்டர் பாடுது” என்றாள் இசைவாணி.

“அப்ப அந்தக் கம்ப்யூட்டரயே வந்து வாத்த ஓட்டிட்டுப் போகச் சொல்லும்மா!”

வாத்துகள் ஸ்பீக்கரைச் சூழ்ந்து கத்தின. பாட்டு நிற்காமல் அவை நகராது. நிறுத்தப் பாய்ந்த பத்ரி சேற்றில் வழுக்கி, வேட்டியோடு அவற்றின் நடுவே உட்கார்ந்தார். இசைவாணி வரப்பிலேயே குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வீடு திரும்பிப் பதிவைக் கேட்ட பத்ரிக்குச் சிலிர்த்தது. காற்று, தூரம், எங்கெங்கோ நுழையும் குவாக் குவாக். அவர் தேடிய கரடுமுரடு அத்தனையும் அதில் இருந்தது. ஏஐ பாடியது என்று மறைக்காமல் எழுதி, பழைய இசைத்தட்டுப் பிரியர்களின் இணையக் குழுவில் போட்டார். டெக்சாஸிலிருந்து ஒரு பெரியவர் கேட்டிருந்தார்: “முதல் பாடகர் இயந்திரம், சரி. சுருதியே சேராமல் இவ்வளவு மனசாரப் பாடும் அந்த இரண்டாமவர் யார்?”

பத்ரி உடனே இசைவாணிக்குப் போன் போட்டார். அவள் வயலுக்கே போய் வீரணனிடம் சொன்னாள்.

வீரணன் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “எந்த வாத்துன்னு அவரையே சொல்லச் சொல்லும்மா. அம்புட்டும்ல சேந்து கத்துச்சு!”