காசிக்குப் போகாதவள்

செஞ்சி ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் தள்ளுவண்டி வைத்து வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் விற்கிற ஜெயக்கொடிக்குப் பல வருடமாக ஒரு மனக்குறை உண்டு. எங்கெங்கிருந்தோ காரில் வருகிறார்கள். டிக்கெட் வாங்கி, நாக்குத் தள்ள மலையேறி, இறங்கி வந்து வெள்ளரிப்பிஞ்சு தின்கிறார்கள். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டால், "சும்மா பாக்கத்தான்" என்கிறார்கள். அந்தச் சும்மா தனக்கு மட்டும் ஏன் கிடையாது? அவள் பஸ் ஏறியதெல்லாம் கல்யாணத்துக்கு, சாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மிஞ்சினால் மேல்மலையனூர் கோயில் அமாவாசைக்கு.

டில்லி பார்க்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, செத்துப்போன புருஷனின் அண்ணன் ஆதிமூலம் பேப்பரை மடித்து வைத்தார்.

"அங்க ஒரு டீ குடிக்கிற காசுல இங்க ஒரு வேள சோறு துன்னலாம். உனுக்கு இன்னாத்துக்கு டில்லி?"

"பாக்கத்தான் மாமா."

ஆதிமூலம் கெட்டவர் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்தவர், அவ்வளவுதான். யோசித்து ஒரு வழியும் சொன்னார். "காசின்னு சொல்லிக்கோ. அப்டியே தம்பி பேர்ல ஒரு முழுக்கு போட்டுட்டு வந்துடு. பாதி செலவு என்னுது. நாலு பேரு கேட்டா மரியாதையா இருக்கும்."

"எனுக்கு காசியில வேல இல்ல மாமா. டில்லிக்குப் போறவ எதுக்குக் காசின்னு சொல்லணும்?"

"அப்ப திரும்பி வந்ததும் வண்டிய வேற எங்கனா வுட்டுக்கோ."

அது சின்ன விஷயமில்லை. கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் வண்டி விட இருப்பது அவருடைய கொட்டகை ஒன்றுதான். அது போனால் பாரமான வண்டியைத் தினமும் ஊரின் அந்தக் கோடியிலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். முட்டி வலிக்காரிக்கு அது பிழைப்பையே கெடுக்கும். ஆனாலும் ஜெயக்கொடியின் வாயிலிருந்து காசி வரவில்லை.

துணைக்கு மீனம்பாள் வந்தாள். காலனிக்காரி, கோட்டைக்குள் புல் செதுக்குகிற கூலிக்காரி. மத்தியானத்தில் இருவரும் ஒரே மர நிழலில் உட்கார்ந்து அவரவர் டப்பாவில் சாப்பிடுவது வழக்கம். டப்பா மட்டும் இத்தனை வருடத்தில் கை மாறியதில்லை.

ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கக்கூஸ் ஓரம் காலை மடக்கிக்கொண்டு போனார்கள். புளிச்சோறு தீர்ந்ததும் வறுத்த மல்லாட்டையை ஓடு உடைத்துத் தின்றார்கள். டில்லியில் ஆட்டோக்காரன் விரல் விட்டுச் சொன்ன தொகையைக் கேட்டு மீனம்பாள், "நாங்க ஆட்டோவ வெல கேக்கல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

செங்கோட்டையைப் பார்த்ததும் ஜெயக்கொடிக்குச் சப்பென்று போய்விட்டது. "இன்னாடி இது, மலையே இல்ல. மூச்சே வாங்காம ஒரு கோட்டையா?" ஆனால் உள்ளே வெள்ளைப் பளிங்கு மண்டபத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதே டிக்கெட்டோடு குதுப்மினாருக்குப் போனார்கள். செஞ்சியில் ஒரு டிக்கெட் வாங்கினால் ராஜகிரியும் ஏறலாம், கிருஷ்ணகிரியும் ஏறலாம். டில்லியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்கள். காவலாளி தலையாட்டி மறுத்தான். மறுபடி வாங்கினால் ஊர் திரும்பக் காசு இருக்காது. "இவ்ளோ ஒசரமா கட்டிட்டு மறைக்கவா முடியும்?" என்று எதிர்ச்சாரியில் உட்கார்ந்து, கழுத்து வலிக்கிற வரைக்கும் இலவசமாகப் பார்த்தார்கள்.

தங்கியது சீக்கியர் கோயிலான குருத்வாராவில். முன்பு செஞ்சிக் கோட்டைக்கு வந்த காலேஜ் பெண் ஒருத்தி சொல்லிக்கொடுத்த இடம். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். பணக்காரன், பிச்சைக்காரன் எல்லாருக்கும் ஒரே வாளியிலிருந்து பருப்பு. மீனம்பாள் தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். ஜெயக்கொடி வாங்கித் தின்றாள். இத்தனை வருடம் இதைச் செய்யாமல் என்ன சாதித்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் திரும்பி ஜெயக்கொடி தன் தெருவுக்குள் நுழைந்தால், வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். கையில் சொம்பு, கிண்ணம். ஒருத்தி பொத்தென்று அவள் காலில் விழுந்தாள்.

"காசி மிதிச்ச காலு. எங்களுக்கும் கொஞ்சம் தீர்த்தம் குடு."

ஆதிமூலம் கற்பூரத் தட்டோடு நின்றார். அவள் இல்லாத நாளில் ஊருக்கெல்லாம் காசி என்று சொல்லி வைத்திருக்கிறார். கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் பேசாத. பைப்புத் தண்ணிய மொண்டு ஆளுக்கு ரெண்டு சொட்டு ஊத்து. வண்டி என் கொட்டாய்லயே இருக்கட்டும்."

பேசாமல் இருந்தால் போதும். வண்டிக்கு இடம், தெருவில் மரியாதை, காலில் விழுகிற கும்பிடு. ஜெயக்கொடி காலில் விழுந்தவளைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழுந்திரு. நான் காசிக்குப் போவல. டில்லியப் பாத்துட்டு வந்தேன். நானும் மீனம்பாளும் சேந்து போனோம், ஒண்ணா உக்காந்து துன்னோம்."

சொம்புகள் ஒவ்வொன்றாக இடுப்புக்கு ஏறின. காலில் விழுந்தவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆதிமூலம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கொட்டாய் தொறந்துதான் இருக்குது" என்றார்.

"எடுத்துக்கறேன் மாமா."

அவள் நேரே கொட்டகைக்குப் போய் வண்டியை வெளியே இழுத்தாள். இனி வண்டியை விடப்போகிற இடம் காலனியில் மீனம்பாள் வீட்டு வாசல்; தூரம்தான், மேடும்தான். முட்டி விண்ணென்றது. தள்ளிக்கொண்டு ஆதிமூலத்தின் வீட்டைத் தாண்டும்போது அவருடைய மருமகள் வெண்மதி வெறும் சொம்போடு வாசலில் நின்றிருந்தாள். மாமனார் எதிரில் தலை நிமிர்ந்து பேசியறியாத பெண். பக்கத்தில் அவர் வந்து நிற்கும்போதே, அவருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"சின்னத்தே, டில்லிக்கு ஒரு ஆளுக்கு எவ்ளோ ஆச்சு?"