சிவப்புச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தவர்

பெட்ரஸ் சிபான்யோனியை மேனேஜர் ஆக்கினால் கம்பெனிக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று பார்த்துச் சொன்னவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் வருத்தப்படும்போது யாரும் ஏமாறக் கூடாது.

தென்னாப்பிரிக்காவில், பாக்ஸ்பர்க்கில் தண்ணீர் பம்ப் தயாரிக்கிற கம்பெனி எங்களுடையது. முதலாளி ஹென்னி குரோப்லர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர், எல்லோருடைய பிறந்தநாளுக்கும் கேக் வாங்குவார். ஒவ்வோர் ஆகஸ்டிலும் வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து, கறுப்பர்கள் எந்தெந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்து மதிப்பெண் போடுவார். மதிப்பெண் குறைந்தால் நகராட்சி டெண்டர் கிடைக்காது. அதனால் ஜூலை பிறந்ததும் எங்கள் கம்பெனியில் சமத்துவம் சூடு பிடிக்கும்.

நான் அங்கே பயிற்சி ஊழியன். வேலையில்லாத கறுப்பு இளைஞனுக்கு ஓராண்டு பயிற்சி கொடுத்தாலும் மதிப்பெண் உண்டு. பட்டம் வாங்கியபின் இது எனக்கு நான்காவது பயிற்சி. பயிற்சி பெறுவதில் நான் நல்ல தேர்ச்சி பெற்றுவிட்டேன்.

சிபான்யோனியை எல்லோரும் மலூமே என்று கூப்பிடுவோம். மாமா என்று அர்த்தம். பம்ப் பூட்டும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம். ஓடுகிற பம்பின் மேல் கையை வைத்தே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். அவரிடம் தொழில் கற்ற மூன்று வெள்ளைக்காரப் பையன்கள் அடுத்தடுத்து அவருக்கே மேனேஜராக வந்து போனார்கள். யூனியன் பிரதிநிதியும் அவர்தான். கூட்டத்துக்குப் போட்டுப் போகிற சிவப்பு யூனியன் சட்டை வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது.

ஜூலையில் அவருக்கு 'செயல்பாட்டு மேனேஜர்' பதவி வந்தது. அறை வந்தது. முன்பு பேப்பர் கட்டு வைக்கும் அறை அது. கட்டுகளும் அங்கேயே இருந்தன. கதவில் பெயர்ப் பலகை. சம்பளம் பற்றி, "மதிப்பெண் வரட்டும், பேசிக்கலாம்" என்றார் குரோப்லர்.

மலூமே அதை நம்பினார். டேவிட்டனில் தன் வீட்டில் முன்னோருக்கு நன்றி சொல்லி ஆடு வெட்டி, கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார். குரோப்லர் பத்து நிமிஷம் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் மலூமே உள்ளே போய் யூனியன் சட்டையையும் உறுப்பினர் அட்டையையும் எடுத்து வந்து, யூனியனில் தனக்கு அடுத்தபடியாக இருந்த ஸகேலேயிடம் நீட்டினார்.

"எதுக்கு மலூமே இது?"

"மேனேஜர் ஆயாச்சு. இனிமே உங்ககூட உக்காந்து உங்க ரகசியத்தைக் கேக்கறது தப்பு."

"உங்களை யாரு கேட்டா? வெச்சுக்கோங்க."

"யாரும் கேக்கலடா. எனக்கே தெரியாதா?"

ஸகேலே வாங்கிக்கொண்டான். நாங்கள் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

மதிப்பெண் போடும் ஆள் வரும் முன்பு மலூமேயைத் தயார்செய்யும் வேலை எனக்கு. கேள்விகளையும் பதில்களையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"வேலைக்கு ஆள் எடுக்கறது யாரு?" என்று கேட்டேன்.

"குரோப்லர்."

"மலூமே, பேப்பர்ல என்ன இருக்கு?"

"'நான்தான் முடிவு செய்வேன்'னு இருக்கு. நீயே எழுதிட்டு என்னைக் கேக்கறியே."

"அப்ப அதைச் சொல்லுங்க."

"சொல்றேன். நீ எழுதினதாச்சே, உண்மையாத்தான் இருக்கும்."

வந்தது ஓர் இளம்பெண். மலூமே என் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போய் ஒவ்வொரு பம்பின் குணத்தையும் சொன்னார். ஒன்றரை மணி நேரம். "இது வரைக்கும் நான் பார்த்ததுல இவர்தான் நிஜமான மேனேஜர்" என்று அவள் குரோப்லரிடம் சொன்னாள். மதிப்பெண் வந்தது. டெண்டர் வந்தது. கேக் வந்தது. சம்பளப் பேச்சு வரவில்லை.

நவம்பரில் நகராட்சி ஆர்டரைப் பாதியாக்கியது. குரோப்லர் ஆறு பேரைக் குறைக்க வேண்டும் என்றார். யூனியன் விடவில்லை. நான்கு நாள் பேசி, உறுப்பினர் ஒருவரையும் தொடுவதில்லை, அதற்குப் பதிலாக மேனேஜர்களில் ஒருவரைக் குறைப்பது என்று முடிவாயிற்று. யூனியன் சார்பில் ஸகேலே கையெழுத்துப் போட்டான். மேனேஜர்களில் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. மலூமே மேனேஜராகி நான்கு மாதம்.

கடிதத்தோடு அவர் ஸகேலேயிடம் போனபோது நானும் கூட இருந்தேன்.

"இருபத்திரண்டு வருஷம்டா. நீ பேசு."

ஸகேலே கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "எப்படி மலூமே பேசறது? நீங்க மெம்பரே இல்லையே."

"ஆமா," என்றார் மலூமே. வேறு யாருடைய தப்பையோ கண்டுபிடித்தவர் போலத் தலையாட்டினார். பிறகு துணிப்பையில் தேநீர்க் குவளையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரியில் மிஸஸ் மூட்லி என்னைக் கூப்பிட்டார். ஆட்கள் விவகாரமெல்லாம் அவர் கையில். இந்திய வம்சாவளி, சட்டப்படி அவரும் கறுப்பர் கணக்குதான், அது அவருக்கு ஆகஸ்டில் ஞாபகம் வரும்.

"லுஃபூனோ, நீதான் இனிமே செயல்பாட்டு ஒருங்கிணைப்பு மேனேஜர்."

"அந்தப் பதவியைத்தான் எடுத்துட்டீங்களே, மேடம்."

"அது செயல்பாடு. இது செயல்பாட்டு ஒருங்கிணைப்பு. வேற பதவிப்பா."

"சம்பளம்?"

"இப்போதைக்குப் பயிற்சிப் பணம்தான். மதிப்பெண் வரட்டும், பேசிக்கலாம்."

மூன்று கம்பெனிகளில் பயிற்சி முடிந்த கடைசி நாளில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றவன் நான். சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. புதுப் பலகை பழையதைவிடச் சிறியது. சுற்றிலும் கதவின் பழைய நிறம் சட்டம் போட்டதுபோலத் தெரிந்தது.

ஆகஸ்ட் வந்தது. மதிப்பெண் போட வருகிற ஆளுக்கு இந்த முறை பம்ப்களைக் காட்ட வேண்டியவன் நான். கூடத்தில் எந்த பம்பைத் தொட்டாலும் எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் அதிர்ந்தன. மலூமேவுக்குப் போன் போட்டேன். அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஐம்பத்தாறு வயசில் யாருக்கும் அவரால் மதிப்பெண் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆடு வெட்டினியா?"

"இல்ல மலூமே."

"நல்லது. யூனியன் அட்டையை மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாத."

"எனக்கு அட்டையே கிடையாது மலூமே. பயிற்சிப் பணம் வாங்கறவனைச் சேர்த்துக்க மாட்டாங்களாம்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"பேனா வெச்சிருக்கியா?" என்றார். "எழுதிக்கோ. முதல் வரிசையில இருக்கிற பெரிய பம்ப். கையை மேல வைக்காத, பக்கத்துல வை."

எழுதிக்கொண்டேன்.