தண்ணீரோடு போன ஊசி

வெளிநாடு போகிறவர் மருந்தைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டியில் போட்டால் விமானத்தின் வயிற்றுக்குள் உறைந்து வீணாகிவிடும். ஸ்வீடனில் இருக்கும் என் மகள் யஸ்னா இதைப் படித்துப் படித்துச் சொன்னாள். மருத்துவர் கடிதம், சர்க்கரைக் கட்டி, தடித்த காலுறை எல்லாம் வேண்டும் என்றாள். இறைச்சி மட்டும் கூடாது, பிடுங்கிக்கொள்வார்கள் என்றாள். என் நாத்தனார் மிலுங்கா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு, புகை போட்ட பன்றி இறைச்சியை என் கணவரின் கம்பளிக் கால்சட்டைக்குள் சுருட்டி வைத்தாள்.

என் கணவர் ராடே செர்பியாவைத் தாண்டியதில்லை. சர்க்கரை நோய்க்காரர். வேளாவேளைக்கு இன்சுலின் போட்டுவிடுவது நான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவார். இப்போது பேரனைப் பார்க்க மூன்று மாதம் போகிறார். ஆடுகளை விட்டுவிட்டு நான் எங்கே போவது? தானே குத்திப் பழகச் சொன்னேன். தக்காளியில் பழகினார். தக்காளிக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கும். தன் உடம்பில் ஒரு தடவைகூடக் குத்தவில்லை.

புறப்படும் அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் சும்மா நின்றது. இன்சுலின் ஊசிகளைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிக் குடுவைத் தண்ணீருக்குள் போட்டு வைத்தேன். கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொள் என்றேன். "சரி, சரி" என்றார்.

பக்கத்து வீட்டுத் திராகுடின் காரைக் கொண்டுவந்தான். எங்கள் ஊரில் பயணம் போகிறவர் பின்னால் தண்ணீர் ஊற்றுவோம். பயணம் தடங்கல் இல்லாமல் ஓடும். வீட்டுக்காரிதான் ஊற்ற வேண்டும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"ஊத்துடி, கார் கிளம்பிருச்சு!" என்றாள் மிலுங்கா.

"நீங்களே ஊத்துங்க அண்ணி."

அவள் அடுப்படிக்குள் ஓடினாள். கைக்குக் கிடைத்த குடுவையைத் தூக்கிவந்து காருக்குப் பின்னால் வீசினாள். தண்ணீரோடு என் கணவரின் மருந்தும் சாலையில் போய் விழுந்தது.

"ஐயையோ, மருந்து! யோவ், நில்லுய்யா!"

மிலுங்கா என் வாயைப் பொத்தினாள். "கிளம்பினவனத் திரும்பக் கூப்பிட்டா விளங்குமா?"

"இது இல்லாமப் போனா மட்டும் விளங்குமா?"

கார் முனையில் நின்றது. ராடே தலையை நீட்டினார்.

"மருந்த விட்டுட்டுப் போறியே, வா இங்க!"

"திரும்பி வரக் கூடாது! நீ வா!" என்று அங்கிருந்தே கத்தினார்.

போனேன். பையைப் பொறுக்கிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, சேற்றில். ஒன்றும் உடைந்திருக்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே அவர் மதியச் சாப்பாட்டை மடியில் பிரித்து வைத்திருந்தார்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி போடு. என் கண்ணு முன்னாடி."

"இங்கயா?"

"தக்காளிக்குப் போட்டியே, தொந்திக்குப் போட்டா என்ன?"

திராகுடின் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தான். ராடே சட்டையைத் தூக்கினார், கண்ணை மூடினார், குத்திக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"வலிச்சுதா?"

"இல்லையே. நீ போட்டாத்தான் உயிர் போகும்."

திராகுடின் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது.

"இத்தன வருஷமா வலிச்சுதா? ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீயே போட்டுக்கோன்னு சொல்லிடுவ" என்றார், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே. "அப்புறம் மூணு வேளையும் எம்பக்கத்துல யாரு வந்து உக்காருவா?"

மருந்தைக் கைப்பையில் வைத்தேன். திராகுடினின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டேன்.

மிலுங்கா ஊற்றியது கணக்கில் வராது. கார் நகர்ந்ததும் கடைசிச் சொட்டு வரை நானே ஊற்றினேன்.