ஐந்தில் தொடங்கும் எண்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவிடமிருந்து திருடியது. திருடியதை அவளிடமே படிக்கக் கொடுத்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த முட்டாள்தனம். அவள் மென்பொருள் எழுதுகிறவள். யார் எதை எழுதினாலும் இன்னொருவர் படித்து, ஓரத்தில் குறிப்புப் போட்டுத் திருப்பி அனுப்புவது அவர்கள் அலுவலகப் பழக்கம். என் கதையும் அப்படியே திரும்பி வந்தது. சில குறிப்புகளை நீக்க மனசு வரவில்லை. சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் அவளுடையது.

என் முதல் வரி இப்படி இருந்தது: 'மழை வெளுத்து வாங்கிய ஒரு காலையில், எண்களின் அரசியான அவள்—'

[அன்னைக்கு மழையே இல்லை. அரசி கிரசியெல்லாம் எடுத்துடு. என் பேரும் வேண்டாம்.]

சரி, மழை இல்லை. அரசியும் இல்லை. ஆபீசில் மேனேஜர் முதற்கொண்டு எல்லாருக்கும் அவள் அக்காதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

2

அக்காவின் கம்பெனி ஒரு மருத்துவமனைக்கு வேன் ஏற்பாடு செய்து கொடுக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளை வாரம் மூன்று முறை வீட்டிலிருந்து கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து விடும் வேன். மருத்துவமனைக் கவுண்டரில் ஒருவர் விவரங்களை அடிப்பார். அவர்கள் கணினி அக்காவின் சர்வரிடம் 'இவருக்கு இத்தனை மணிக்கு வேன் வேண்டும்' என்று கேட்கும். சர்வர் ஒரு மூன்று இலக்க எண்ணோடு பதில் சொல்லும். இரண்டில் தொடங்கினால் காரியம் முடிந்தது. நான்கில் தொடங்கினால் தவறு கேட்டவர் பக்கம். ஐந்தில் தொடங்கினால் தவறு பதில் சொல்பவர் பக்கம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் பொதுவான வழக்கம் இது.

(இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் சித்தப்பாவும் பெரியப்பாவும் யார்மேல் தப்பு என்று முடிவாகாமல் பதினாலு வருடம் பேசாமல் இருந்தார்கள். கணினிகள் முதல் இலக்கத்திலேயே சொல்லிவிடுகின்றன. மனித குலம்—)

[கட்டுரை போதும். கதைக்கு வா.]

3

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை வந்தது. ஐந்தில் தொடங்கும் பதில் மாதத்துக்கு இருபதைத் தாண்டினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. காலை எட்டு மணிக்கு எல்லாக் கவுண்டரும் ஒரே நேரத்தில் கேட்க, சர்வருக்கு மூச்சு முட்டும். தினமும் ஒன்றிரண்டு ஐந்து விழுந்துகொண்டே இருந்தது.

இந்த இடத்தில் என் வாக்கியம்: 'கண்ணில் குரூரம் மின்ன, மேனேஜர் தானே உட்கார்ந்து அந்தப் பொய்யான வரியை எழுதினார்.'

[அவர் சொன்னார். எழுதினது நான். மாத்து.]

போன் செய்தேன். "கதைதானேக்கா, விடேன். அந்த ஆளை வில்லனாக்கினா உன்மேல ஒரு தூசு படாது."

"என் தப்பை இன்னொருத்தர் தலையில கட்டுவியா? இவ்வளவு பாடு பட்டதே அது கூடாதுன்னுதானேடா!"

வாயை மூடிக்கொண்டு மாற்றினேன். ஆக, நடந்தது இது. சர்வரை வேகப்படுத்தும்வரை ஐந்தை நாலாக்கிவிடச் சொன்னார் மேனேஜர். அக்கா ஆக்கினாள். நாலு என்றால் கேட்டவர் செய்த தவறு இன்னதென்று கூடவே சொல்ல வேண்டும். படிவத்தில் முதலில் இருந்தது பிறந்த தேதி. அதையே போட்டாள்: '422. பிறந்த தேதி சரியில்லை.' ஒரே வரி. ஒரு மாதத்துக்கு மட்டும் என்று நினைத்துப் போட்டது. அப்புறம் வேறு வேலை வந்தது, மறந்தேபோனாள்.

4

உதவிக்கான தொலைபேசியை எடுப்பவருக்கு அன்று விடுப்பு. மணி அடித்துக்கொண்டே இருந்ததால் அக்கா எடுத்தாள். மறுமுனையில் மூன்றாம் கவுண்டர் அம்மா. பத்தொன்பது வருடமாக அந்தக் கவுண்டரில் இருப்பவர், எப்போதும் காலை ஷிப்ட்.

"அம்மா, ஒரே ஒரு விஷயம் கேட்டு சொல்லுங்க. பிறந்த தேதியை உங்க பக்கம் வேற மாதிரி அடிக்கணுமா?"

"இல்லையே. ஏன் கேக்கறீங்க?"

"நான் சரியாத்தான் அடிக்கறேன். தப்புன்னு வருது. மறுபடி அதையே அடிச்சா போயிடுது. ஒரு பெரியவரை அடையாள அட்டையோட திரும்ப வரச்சொல்லிட்டேன், அவரால நடக்கவே முடியலை. இப்ப கணக்கெடுத்திருக்காங்க. என் பேர்ல இருநூத்திப் பதினாலு தப்பாம். கவனக்குறைவுன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. வெள்ளிக்கிழமையிலிருந்து கீழே பழைய ஃபைல் ரூமுக்கு மாத்திடுவாங்களாம். வயசாச்சு, கண்ணு தெரியலைன்னு எல்லாரும் பேசறாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா, போய்க் கண்ணாடி மாத்திட்டு வந்தேன்."

போனை வைத்ததும் அக்கா அந்த வரியைத் தேடினாள். எழுதியவர் யார் என்று பக்கத்திலேயே இருக்கும். அவள் பெயர் இருந்தது.

5

அன்று மதியத்துக்குள் திருத்திவிட்டாள். புதிய பதில் இது: '503. தவறு எங்களுடையது. நீங்கள் எதையும் திருத்த வேண்டாம். இரண்டு நிமிடம் கழித்து அப்படியே அனுப்புங்கள்.' கீழே, புகார் செய்ய வேண்டுமானால் குறிப்பிட ஒரு எண். பத்து வருடமாகக் கதை எழுதுகிறேன். இவ்வளவு கச்சிதமாக, இவ்வளவு நேர்மையாக மூன்று வாக்கியம் நான் எழுதியதில்லை.

[ஓவரா இருக்கு.]

இருக்கட்டும், எடுக்க மாட்டேன்.

அதோடு அவள் நிறுத்தவில்லை. இரண்டு வருடப் பதிவுகளையும் தோண்டி, எந்த நாலு நிஜ நாலு, எது வேஷம் போட்ட ஐந்து என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மேனேஜர் பதறிப்போய் வந்தார்.

"அக்கா, திருத்தினது சரி. சத்தமில்லாம விட்டுடலாமே. இனிமே ஒழுங்காப் போகப்போகுது, பழசைக் கிளறுவானேன்?"

"இனிமே ஒழுங்காப் போனா அவங்களுக்கு என்ன சார் லாபம்? வெள்ளிக்கிழமை அவங்க கீழே போயிடுவாங்க."

"நம்ம பன்னிரண்டு பேர் வேலை இதுல தொங்குது."

"அதுல ஒண்ணு என்னோடது சார்."

(இந்தப் பக்கத்தை வாங்கிப் படித்த என் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், அவளிடம் கேட்டார்: "உன் தம்பி கதை எழுதறானா, இல்ல உனக்குச் சிலை வைக்கிறானா?" சிலைதான் வைக்கிறேன். அதிலென்ன?)

6

வியாழக்கிழமை மருத்துவமனையில் கூட்டம். இதற்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். [பொய்.]

இரண்டாவதில் அக்கா கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டாள். [அழலை.]

மூன்றாவதை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

நீள மேசை. இந்தப் பக்கம் மேனேஜரும் அக்காவும். அந்தப் பக்கம் நிர்வாக அதிகாரி, அவர் பக்கத்தில் மூன்றாம் கவுண்டர் அம்மா, அவர் முன்னால் கையெழுத்துக்கான அந்தக் காகிதம். அக்கா பட்டியலைத் திரையில் போட்டாள்.

"இருநூத்திப் பதினாலுல இருநூத்தி மூணு எங்க தப்பு. எங்க சர்வர் திணறும்போதெல்லாம் உங்க தப்புன்னு பதில் போயிருக்கு."

"அப்படி யார் போகவெச்சது?" என்றார் அதிகாரி.

மேனேஜர் மேசையைப் பார்த்தார்.

"அந்த வரியை எழுதினது நான்," என்றாள் அக்கா.

கவுண்டர் அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "மிச்சம் பதினொண்ணு?"

அக்காவுக்கு ஒரு கணம் அதையும் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியதாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சொன்னாள்: "அது நீங்க அடிச்சதும்மா."

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். காகிதத்தை அதிகாரி பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டு வருஷத்துல பதினொண்ணு. அது என்னோடது. பதினொண்ணுன்னு திருத்திக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். மத்ததுக்குப் போட மாட்டேன்."

அதிகாரி பழைய எண்ணை அடித்துவிட்டு, பதினொன்று என்று எழுதினார். அந்த அம்மா வாங்கி, தன் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் நிறுத்தி நிதானமாகப் போட்டார். ஃபைல் ரூம் உத்தரவு அன்றே ரத்தானது.

அக்காவின் ஓரக் குறிப்பு இந்தப் பக்கத்தில் இவ்வளவுதான்: [ஆமாம். இப்படித்தான்.]

7

ஒப்பந்தம் என்னவாயிற்று, அக்காவின் வேலை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று அவள் கட்டளை.

"வேலை போச்சுன்னு எழுதினா ஐயோ பாவம்பாங்க. நிலைச்சுதுன்னு எழுதினா, பாரு, நல்லது செஞ்சா நல்லது நடக்கும்பாங்க. ரெண்டுக்காகவும் நான் செய்யலை."

ஆகவே அந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், அக்காவைத் தலைகுனிந்து மட்டும் நிற்கவைக்காதீர்கள். நான் நாலு தடவை முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை.

கடைசி வாக்கியங்களை அவளிடம் காட்டாமலே அச்சுக்கு அனுப்புகிறேன். காட்டினால் எடுத்துவிடுவாள். அந்த வரியை எழுதியதும் என் அக்காதான், அத்தனை பேர் நடுவில் 'நான்' என்று சொன்னதும் என் அக்காதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.