பொய்த் தோட்டா

டுவைட் தன் புதுப் பெண்டாட்டி ஓபலைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை காலை. மொன்டானாவில் எங்கள் ஊரைச் சுற்றி அறுபது மைலுக்கு வேறு துப்பாக்கிக் கடை கிடையாது என்பது உண்மைதான். ஆனாலும் அறுபது மைல் போயிருக்கலாம். மாட்டு லாரியில் வாரத்துக்கு இரண்டாயிரம் மைல் ஓட்டுகிற மனுஷனுக்கு, என் முகத்துக்காக இன்னொரு அறுபது மைல் ஓட்டவா மனசு வராது?

இருபத்தாறு வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவள் நான். பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. ஹார்லனின் கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். பின்கட்டில் இருக்கும் சுடுதளத்தில் வியாழக்கிழமைதோறும் பெண்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்டால் ஊரில் எல்லோரும் நோரீன் நல்ல வாத்தியார் என்பார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள்.

ஓபல் இளசாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஊரும் என் பக்கம் நின்றிருக்கும். ஆனால் அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். இடுப்பு பெருத்து, முடி நரைத்து, அதை மறைக்கக்கூட மெனக்கெடாமல் வந்து நின்றாள். என்னிடம் இல்லாதது அவளிடம் என்ன இருக்கிறது என்று மேலும் கீழும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

வாசலில் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, டுவைட் அவள் கையுறைகளை விரல் விரலாகக் கழற்றிவிட்டான். என் கையுறையை அவன் ஒருநாளும் கழற்றிவிட்டதில்லை. கையுறை கழன்றதும்தான் தெரிந்தது, அவள் விரல் கணுக்கள் எல்லாம் வாதத்தில் வீங்கியிருந்தன. என் விரல்கள் நன்றாகவே இருக்கின்றன. இருந்தால் என்ன, ஒரு குளிர்காலத்திலாவது கழற்றிவிட்டிருக்கலாம்.

விஷயத்தை அவள்தான் சொன்னாள். டுவைட் வாரத்தில் நாலு நாள் லாரியில் போய்விடுகிறான். போன மாதம் எவனோ முற்றத்துக்கே வந்து டீசல் தொட்டியைக் காலி செய்திருக்கிறான். ஷெரிஃபின் ஆள் வந்துசேர ஐம்பது நிமிஷம் ஆயிற்றாம். அவள் பிறந்ததிலிருந்து துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு எதைப் பிடிக்க முடியும், எதை இயக்க முடியும் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"நீங்க நல்லா சொல்லித்தருவீங்கன்னு டுவைட்தான் சொன்னார்" என்றாள்.

நான் அவனைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து முதலில் எதை எடுத்து வைத்தேன் தெரியுமா? உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற குட்டி ரிவால்வரை. பெண்ணுக்குச் சின்னத் துப்பாக்கி என்பது எங்கள் பக்கத்து ஆண்களின் மண்டையில் யாரோ ஆணி அடித்து மாட்டிவைத்த எண்ணம். எடை குறைவு, பார்க்க அழகு. ஆனால் துப்பாக்கி எவ்வளவு சின்னதோ அவ்வளவு உதைக்கும். விசையும் கல் மாதிரி இருக்கும். ஓபலின் விரல் இரண்டு தடவைக்கு மேல் அதை அழுத்தாது. வியாழக்கிழமை வகுப்பில் ஒருத்தி இதை எடுத்துக்கொண்டு வந்தால் வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவேன். அது தெரிந்துதான் எடுத்துவைத்தேன். நாலு நாள் சுட்டு, கை வீங்கி, வாங்கிக்கொடுத்தவனை அவள் திட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

திறந்து, உள்ளே பார்த்து, "காலி" என்று சொல்லி நீட்டினேன். ஓபல் அப்படியே கையில் வாங்கிக்கொண்டாள்.

"நீங்களும் பாத்து, காலின்னு சொல்லணும்" என்றேன்.

"நீங்கதான் இப்போ பாத்தீங்களே?"

"நான் பாத்தது எனக்கு. உங்களுக்கு நீங்கதான் பாக்கணும்."

இது எங்கள் கடையின் சட்டம். ஹார்லனே கொடுத்தாலும் நான் திறந்து பார்ப்பேன், அவர் தப்பாக நினைக்கமாட்டார். ஓபல் அதைத் திறந்து எட்டிப்பார்த்து, காலி என்று சொல்லிவிட்டு, ரிவால்வரைத் திருப்பித் திருப்பி ரசித்தாள். கையடக்கமாக இருக்கிறது என்றாள். டுவைட் வாயிலிருந்து 'அதையே எடுத்துக்கோ' வரும் என்று காத்திருந்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன் எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு இதே ஜாதி ரிவால்வரைத்தான் எனக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தான்.

"அது வேணாம், ஓபல்" என்றான். "உதை ஜாஸ்தி. நோரீனுக்கு அதைத்தான் வாங்கிக் குடுத்தேன். கட்டைவிரல் நகமே பேந்துபோச்சு. தப்பு என்னோடது."

நகம் பேந்த அன்று இவன் என்னிடம் சொன்னது 'உனக்குப் பிடிக்கத் தெரியல' என்பதுதான். அந்த ஆத்திரத்தில்தான் ஹார்லனிடம் வந்து கற்றுக்கொண்டேன், வாத்தியாரும் ஆனேன். தப்பு அவனுடையது என்று அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல இவனுக்குப் பத்தொன்பது வருஷம் தேவைப்பட்டது. அதையும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். இரண்டாவதாக ஒரு பிஸ்டல் கொடுத்தேன். மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் தோட்டா உள்ளே ஏறும். ஓபல் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அசையவில்லை. மூன்றாவதாக எடுத்தது இன்னும் கொஞ்சம் பெரிசு, உதை குறைந்த தோட்டா, ஸ்லைடும் இளக்கம். பெரிசாக இருக்கிறதே என்று தயங்கினாள். பெரிசாக இருப்பதால்தான் கைக்கு நோகாது என்றேன்.

"விரல் நுனியால கிள்ளாதீங்க. முழுக் கையாலயும் மேல பிடிச்சுக்குங்க. இழுக்காதீங்க. அடியில இருக்கிற கையால துப்பாக்கிய முன்னாடி தள்ளுங்க."

தள்ளினாள். ஸ்லைடு கடகடவென்று பின்னால் போய்த் திரும்பியது. முதன்முதலாக பஸ்ஸின் கியரைப் போட்டபோதுகூட அவள் இப்படிச் சிரித்திருக்கமாட்டாள். அவள் சிரித்ததை டுவைட் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன்.

மூன்று பேரும் காதுமூடி மாட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனோம். ஓபல் ஐந்து தோட்டா சுட்டாள். அதில் நாலு, இலக்குத் தாளில் விழுந்தது. கை வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். நல்ல துப்பாக்கியைச் சரியான ஆளிடம் கொடுத்தாயிற்று. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"டுவைட், நீயும் சுடு. உன் கைக்கும் எப்படி இருக்குன்னு பாக்கலாமில்ல."

"எனக்கு எதுக்கு? அவளுக்குத்தானே வாங்குறோம்."

"அஞ்சே அஞ்சு. என்ன, பயமா?"

இருபத்தாறு வருஷத்தில் அவன் என் பக்கத்தில் நின்று ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. வேட்டைக்கும் போகமாட்டான், லாரி இருக்கிறது என்பான். துப்பாக்கி என்றாலே அவனுக்குப் பயமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று சொன்னவனின் பிடியை ஓபல் பார்க்கட்டும் என்று நினைத்தேன். திரும்பி நின்று, தோட்டா அடுக்கும் மேகசினை நிரப்பினேன். மூன்றாவதாக ஒரு பொய்த் தோட்டாவைச் செருகினேன். மருந்தில்லாத வெறும் கூடு. வகுப்பில் எல்லோருக்கும் இதைச் செய்வதுதான். வெடிக்கும் என்று நினைத்து அழுத்தும்போது வெடிக்காமல் போனால், பயப்படுகிறவர்களின் துப்பாக்கி மூக்கு தானாகக் கீழே குத்தும். சத்தத்தில் மறைந்துபோகிற பயம் அந்த ஒரு 'டிக்'கில் வெட்டவெளிச்சமாகிவிடும். மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்வேன். இவனிடம் சொல்லவில்லை.

முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது, டிக். துப்பாக்கி ஒரு சாண் கீழே குத்தியது. இரண்டு கண்ணையும் இறுக்கி மூடி, தோளைத் தூக்கிக்கொண்டு, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி நின்றான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. ஓபலின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிப்பாள், இல்லையென்றால் முகம் சுளிப்பாள், இரண்டில் ஒன்று எனக்கு வேண்டும். அவள் ஆச்சரியப்படக்கூட இல்லை. அவன் துப்பாக்கியைக் கீழே வைக்கும்வரை பொறுத்திருந்து, அவன் முதுகில் கையை வைத்துத் தடவிக்கொடுத்தாள். அவன் சிவந்துபோன முகத்தோடு தண்ணீர் குடிக்க வெளியே போனான்.

ஓபல் காதுமூடியைக் கழற்றினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"பாவம், இன்னும் அந்தப் பயம் போகல பாருங்க" என்றாள். "எட்டு வயசுல இவரோட அப்பன் பெரிய துப்பாக்கியக் குடுத்துச் சுடச் சொல்லி, தோள் எலும்பு ஒடஞ்சு, இவர் அழ அழ ஊரக் கூட்டிச் சிரிச்சிருக்கான் அந்தாளு. நாங்க ரெண்டாவது தடவ பாக்குறப்பவே சொல்லிட்டார், கேக் சாப்பிட்டுக்கிட்டே. உங்களுக்குத் தெரியாததா? அந்த எலும்புதான் இன்னும் வளைஞ்சே இருக்கே."

"தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியாது. அந்த எலும்பு எனக்குத் தெரியும். வலது தோள், கழுத்துக்கு நாலு விரல் தள்ளி. இருபத்தாறு வருஷம் அதன் மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். குதிரையிலிருந்து விழுந்தேன் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தான். குதிரையின் பேர்கூடச் சொன்னான். நான் அதற்கு மேல் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தாலும் என் வாய்க்குப் பயந்து சொல்லியிருக்கமாட்டான் என்று அந்த நிமிஷம் தோன்றியது. ஓபலின் முடியும் இடுப்பும் கையும் எனக்கு மறந்துபோயிற்று. அவளிடம் இருந்தது இதுதான். ஒரு துண்டு கேக் முடிவதற்குள் அவளுக்கு அது கிடைத்துவிட்டது.

டுவைட் திரும்பி வந்தான். முகத்தைக் கழுவியிருந்தான். துப்பாக்கியிலிருந்து நான் வெளியே எடுத்து வைத்திருந்த பொய்த் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஏன் வைத்தாய் என்று கேட்கவில்லை.

"இது சரியாகுமா?" என்றான். "அவ சுடுறப்ப நான் பக்கத்துல நிக்கணும். இப்படிக் கண்ண மூடிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? எனக்கும் சொல்லிக் குடு, நோரீன்."

கல்யாணமான காலத்தில் இந்த ஒரு வரிக்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

"வியாழக்கிழமை நாலு மணி" என்றேன். "பெண்கள் வகுப்பு. அதுல மட்டுந்தான் எடம் இருக்கு." செவ்வாயும் வெள்ளியும் முழுசாகக் காலியாக இருந்தன. ஒன்பது பெண்களுக்கு நடுவில் வந்து நிற்கிறேன் என்று அவன் வாயால் சொல்லமாட்டான், மானம் போய்விடும் என்று எனக்கு அப்படி ஒரு நிச்சயம்.

"எழுதிக்கோ" என்றான்.

இரண்டு பேர் பேரையும் அடுத்தடுத்து எழுதினேன். ஓபல் துப்பாக்கி வாங்கும் படிவத்தை நிரப்பினாள், அவள் மேல் வழக்கு ஏதும் இல்லை என்று ஹார்லன் போன் போட்டுச் சரிபார்த்தார். துப்பாக்கியைப் பெட்டியில் வைக்கும்முன் அவளிடம் நீட்டினேன். நான் சொல்லாமலே திறந்து எட்டிப்பார்த்து "காலி" என்றாள். வாசலில் அவன் அவளுக்குக் கையுறைகளை மாட்டிவிட்டான். கழற்றுவதைவிட அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

வண்டி போனதும் ஹார்லனிடம் என் பிஸ்டலைக் கொடுத்து, அஞ்சு போட்டு, அதில் ஒன்றைப் பொய்த் தோட்டாவாக வைத்துக் கொடுங்கள் என்றேன். அதை எத்தனையாவதாக வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் முதல் தோட்டாவைச் சுட்டேன். இரண்டாவது டிக் என்றது. துப்பாக்கி மூக்கு தரையைப் பார்த்தது.

ஹார்லன் என் முகத்தையே பார்த்தார்.

"கண்ண மூடிட்டியேம்மா" என்றார்.

"ஆமா" என்றேன்.