நாலரை மணித்தியால வித்தியாசம்

இந்திரகுமார் வீட்டு ஹோலில் இருந்த ஸ்டீரியோ மெசினில் மணி எப்போதும் இலங்கை மணிதான். சிட்னிக்கு வந்து ஒன்பது வருடம். குசினிக் கடிகாரமும் படுக்கையறைக் கடிகாரமும் அவர்கள் இருந்த ஹோம்புஷ் நேரத்தைக் காட்ட, அந்த மெசின் மட்டும் கொழும்பில் இருக்கிற அவருடைய தமையனோடு சேர்ந்து எழும்பிச் சேர்ந்து படுத்தது. ரெலிபோன் எடுக்க வசதி என்பார். அவருடைய மனைவி யோகா அதை நம்பவில்லை. வீட்டில் வேறு ஒருவர் கை வைக்கக்கூடாத சாமான் ஒன்று இந்த மனுசனுக்குத் தேவை, அவ்வளவுதான் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். அந்த மெசினிடம் அவளுக்கு இதுவரை ஒரு அலுவலும் இருந்ததில்லை. தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில்தான் இருந்தது.

அலுவல் ரோல்ஸால் வந்தது. புரட்டாதிச் சனி ஒன்றில் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா. யோகா ஆட்டிறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் இருநூறு செய்து கொடுத்தாள். மறுநாள் பதினொரு பேருக்கு வாந்தி, வயிற்றோட்டம். சங்கத் தலைவர் விக்னராஜா செயற்குழுவில் எழுந்து, ரோல்ஸ்தான் காரணம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அடுத்த நாள் காலையில் வென்ட்வேர்த்வில்லுக்குத் தெரியும், பின்னேரம் சிட்னியின் மறுமுனையில் இருக்கிற லிவர்பூலுக்குத் தெரியும்.

யோகா அழவில்லை. ரெலிபோனை எடுத்துப் பதினொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். ஒன்பது பேர் புரட்டாதிச் சனி விரதகாரர். இறைச்சி, மீன் வைத்த மச்ச மேசைப் பக்கமே திரும்பாதவர்கள். மற்ற இரண்டு பேரும் அவர்களுடைய பிள்ளைகள். பதினொரு பேரும் குடித்தது பாயாசம். யார் வீட்டுப் பாயாசம் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பேர்களை ஒரு தாளில் எழுதி விக்னராஜாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் வாசித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். சமூக வானொலியில் ஞாயிறு பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை தமிழ் நிகழ்ச்சி நடத்துவதும் அவர்தான். வருகிற ஞாயிறு அதில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் தங்கச்சி என்றார்.

அந்த ஒரு வார்த்தை யோகாவுக்குக் கசெட்டில் வேண்டும். வென்ட்வேர்த்வில் விமலா, மகளின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு முந்நூறு ரோல்ஸ் கேட்டிருந்தவள், வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தாள். தனக்கு நம்பிக்கை இருக்கிறதாம், மாமியார்தான் பயப்படுகிறாவாம். ஞாயிறு குடும்பத்தோடு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகிறார்களாம், றேடியோ கேட்கமாட்டார்களாம். விக்னராஜா அண்ணை சொன்னதைக் கசெட்டில் பிடித்துக்கொண்டு திங்கள் இரவு எட்டு மணிக்குள் வாருங்கோ அக்கா, இல்லாவிட்டால் நான் வேறு ஆளுக்குச் சொல்லவேணும் என்றாள். விமலா வீட்டுக் கொண்டாட்டத்தில் யோகாவின் ரோல்ஸ் இல்லை என்றால் பிறகு எந்த வீட்டிலும் இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

ஞாயிறு யோகாவுக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் காலை ஏழிலிருந்து மூன்றுவரை வேலை. இந்திரகுமார் நிகழ்ச்சிக்கு வருகிற ரெலிபோன்களை எடுக்கச் சிநேகிதர் விக்னராஜாவோடு நிலையத்துக்குப் போகிறவர். வீட்டில் ஆள் இல்லை. ஆகவே மெசின் தானாக எழும்பித் தானாகப் பதிய வேண்டும்.

சனி பின்னேரம் இந்திரகுமார் அதைச் செய்துவைத்தார். செய்ததைவிட விளக்கியது அதிகம். நிலையத்தை முதலில் பிடித்துவைக்க வேண்டும், கசெட்டைப் போட வேண்டும், டைமரில் தொடங்கும் மணியும் முடியும் மணியும் கொடுக்க வேண்டும், பதிவுக்கு என்று திருப்பிவிட வேண்டும், கடைசியில் மெசினை நிற்பாட்ட வேண்டும். நிற்பாட்டினால்தான் அது நேரத்துக்கு எழும்பும். இதெல்லாம் உமக்கு விளங்காது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை சொன்னார். பன்னிரண்டிலிருந்து நாலரையைக் கழித்து, இலங்கை மணிக்கு ஏழரை என்று கொடுத்தார். பிறகு வீடு முழுக்க நடந்து, அன்றிரவு கோடைகால நேரம் தொடங்குகிறது என்பதால் மற்றக் கடிகாரங்கள் எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார். மெசினைத் தொடவில்லை. இலங்கையில் கோடைகால நேரம் ஏது?

ஞாயிறு மூன்றரைக்கு யோகா வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கசெட்டைப் போட்டுக் கேட்டாள். யாரோ மால்டாக்காரர் கலியாணப் பாட்டுப் பாடினார்கள். முன்னுக்கு ஓட்டினாள். இன்னொரு பாட்டு. முடிவுவரை மால்டாதான்.

இந்திரகுமார் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார். நிலையம் விலகியிருக்கும் என்றார். விலகவில்லை, அதே நிலையத்தில் தமிழுக்கு அடுத்த நிகழ்ச்சி மால்டாக்காரருடையது என்றாள். அப்படியென்றால் மெசின் பிழை என்றார். யோகா மெசினின் மணியைப் பார்த்தாள். பத்து ஐந்து. சுவரைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து. விரலை மடித்து எண்ணினாள்.

"இண்டையில இருந்து வித்தியாசம் ஐஞ்சரை," என்றாள். "நீங்கள் நாலரை கழிச்சிருக்கிறியள்."

"எப்பவும் நாலரைதான்."

"குளிருக்கு நாலரை. வெயிலுக்கு ஐஞ்சரை. ஒன்பது வருசமா வருசத்துக்கு ரெண்டு தரம் தமையனுக்கு ரெலிபோன் எடுக்கேக்க மாத்தி எண்ணிற ஆளுக்கு இது மட்டும் மறந்து போச்சோ?"

அவர் கோப்பையைக் கழுவப் போனார். கழுவின கோப்பை அது. யோகாவுக்கு அங்கேதான் முதல் முள் குத்தியது. மறந்தாரா, மறந்தமாதிரி இருந்தாரா?

சரி, நிலையத்தில் பக்கத்தில் இருந்து கேட்டீர்களே, விக்னராஜா என்ன சொன்னார் என்று கேட்டாள். நல்லாகத்தான் சொன்னவர் என்றார். என்ன வசனம்? வசனம் ஞாபகம் இல்லை, ஏதோ வருத்தம் என்று வந்தது. என்னுடைய பேர் வந்ததா? வந்திருக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி என்று சொல்லிவிட்டு யோகா விக்னராஜாவுக்கே ரெலிபோன் எடுத்தாள். நிலையத்து நாடாவின் மேலால் அடுத்த நிகழ்ச்சிக்காரர் பதிந்திருப்பார்கள் என்றார் அவர். அப்படியானால் அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். ஒரு விசயத்துக்கு ஒரு தடவைதான், கேட்டவை கேட்டிருப்பினம் தங்கச்சி, என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு பேர் இரண்டு நேரத்தில் சாப்பிட்டார்கள்.

திங்கள் யோகாவுக்கு ஓய்வு நாள். இந்திரகுமார் ரயில்வே கந்தோருக்கு வேலைக்குப் போனதும், மேசை லாச்சிக்குள் பிளாஸ்டிக் உறையில் கிடந்த மெசின் புத்தகத்தை எடுத்துவந்து கதிரையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். விளங்காது என்று அவர் சொன்ன அவ்வளவும் மூன்று பக்கம். அந்த மூன்று பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது: றேடியோவில் இருந்து மட்டுமில்லை, மைக்கில் இருந்தும் டைமர் பதியும். மைக் இந்திரகுமாரிடம் இருந்தது. தமையனுக்குக் கசெட்டில் பேசிக் கடிதம் அனுப்புகிற மைக்.

முதலில் மணியை மாற்றினாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த மெசின் சிட்னிக்கு வந்து சேர்ந்தது. மைக்கைச் செருகி, மெசினுக்கு மேலே இருந்த பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பின்னால் படுக்கவைத்தாள். ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கும்படி கொடுத்து, நிற்பாட்டி, வழக்கமாக விருந்தாளி இருக்கும் கதிரையில் போய் இருந்து, விக்னராஜாவைப் பற்றித் தான் நினைப்பதை எல்லாம் சத்தமாகச் சொன்னாள். போட்டுக் கேட்டபோது ஒரு சொல் தவறாமல் விழுந்திருந்தது. அதை அழித்துவிட்டுப் புதுக் கசெட் போட்டாள். தொடக்கம் ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்க. மணி தெரியும் இடத்தில் பின்னல் துணி ஒன்றை விரித்துவிட்டாள்.

திங்கள்தோறும் செயற்குழு. விக்னராஜா இந்திரகுமாரை ஸ்டேசனில் ஏற்றிக்கொண்டு வந்து, பத்து இருபது நிமிடம் இருந்து, வாய்க்கு ஏதாவது போட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போவார். அன்றைக்கும் ஆறுக்குக் கால் மணி இருக்க வந்தார்கள். நேற்று ரெலிபோனில் வெடுக்கென்று பேசியவர் இன்றைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. யோகா பொரித்த சூட்டோடு ஆறு ரோல்ஸை அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்தார். பிறகு இரண்டாவதை எடுத்தார்.

"பயமில்லையோ அண்ணை?" என்று கேட்டாள். "என்ர ரோல்ஸ் எல்லே."

மெசினுக்குள் ஏதோ மெல்லச் சொடுக்கியது. பல்லுக்கிடையில் ரோல்ஸ் நொறுங்குகிறவருக்கு அது கேட்கவில்லை.

"இப்பவும் கோவம் தணியேல்லைப் போல," என்றார் விக்னராஜா. "நான்தான் றேடியோவில சொன்னன் எல்லோ."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஆருக்கும் மனம் நொந்திருந்தால் வருத்தம் எண்டு."

"ரோல்ஸ் எண்டு சொல்லேல்லையோ? என்ர பேர் சொல்லேல்லையோ?"

"பேர் சொன்னால் கேள்விப்படாத சனத்துக்கும் தெரிஞ்சு போகுமே தங்கச்சி. உம்மட நன்மைக்குத்தான்."

"அந்தத் தாளை வாசிச்சியள்தானே. பதினொரு பேரும் குடிச்சது பாயாசம்."

விக்னராஜா மூன்றாவதை எடுத்தார். வயிறு நிறைந்தவனுக்கு வாய் திறக்கும். "பாயாசம் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். எங்கட வீட்டில இருந்து வந்தது. காலமை காய்ச்சி, பின்னேரம்வரை காருக்குப் பின்னால இருந்தது. அதுக்காகத் தலைவர் வீட்டுப் பாயாசம் எண்டு நானே எழும்பிச் சொல்லேலுமோ? வாற மாசம் தேர்தல்."

"அதுக்கு என்னைச் சொன்னியள்."

"நான் தனியச் சொல்லேல்லை. இந்திரனிட்டைக் கேட்டுத்தான் சொன்னனான். மச்சான், உன்ர மனுசியின்ர ரோல்ஸ் எண்டு சொல்லட்டோ எண்டு கேட்டன். சொல்லு, அவள் தாங்குவாள் எண்டவன்."

இந்திரகுமார் தலையைக் குனிந்து சப்பாத்து நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. யோகா அந்த நேரத்தை அவருக்குக் கொடுத்தாள். அவர் சொல்லவில்லை.

"அப்ப நாலரையும் மறதியில்லை," என்றாள்.

"அது மெய்யா மறந்துதான் போச்சு, யோகா."

அதுவாவது உண்மையாக இருக்கலாம். யோகாவுக்கு இனி அதை அறிய வேண்டியிருக்கவில்லை. எழுந்து போய்ப் பின்னல் துணியை விலக்கினாள். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. நிற்பாட்டிக் கசெட்டை வெளியே எடுத்தாள்.

விக்னராஜா அதைப் பார்த்தார், பூச்சாடியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். கையில் இருந்த பாதி ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"இது களவு," என்றார். "வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு தந்து செய்யிற வேலையோ இது? இந்தச் சிட்னியில நீர் பிறகு ஆருக்கும் ஒரு ரோல்ஸ் குடுக்கமாட்டீர்."

"அதைத்தான் நீங்கள் ஏற்கனவே செய்திட்டியளே," என்றாள் யோகா. "இன்னொருக்காச் செய்யிறதெண்டால் செய்யுங்கோ. இந்தமுறை சனத்துக்குக் கேட்கிறதுக்கு ஒண்டு இருக்கு."

அவர் இந்திரகுமாரைப் பார்த்தார். இந்திரகுமார் எழும்பவில்லை. வாசற்கதவு அடித்துச் சாத்தும் சத்தமும், கார் புறப்படும் சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன.

பிறகுதான் இந்திரகுமாருக்கு வாய் வந்தது. பாயாசக் கதை மட்டும் போதும்தானே என்றார். அவன் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டிருக்கிறான், விமலாவுக்கு அவ்வளவும் போதும். கடைசித் துண்டு வீட்டு விசயம். புருசனே காட்டிக்கொடுத்தான் என்று ஊர் கேட்டால் சிரிப்பது அவரைப் பார்த்து மட்டுமில்லை, அவளையும் பார்த்துத்தான். யோகாவும் அதை யோசித்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. விமலாவின் மாமியார் கேட்டுவிட்டு, ரோல்ஸை வாங்குவா. பிறகு ஆறு மாதத்துக்கு இந்தக் கதையையும் விற்பா.

"இஞ்ச தாரும்," என்று கையை நீட்டினார். "அந்த இடத்துக்கு மட்டும் மேலால வெறுமையாப் பதிஞ்சு விடுறன். ஒரு நிமிசம். உமக்கு அது செய்யத் தெரியாது."

"தெரியும். பன்னிரண்டாம் பக்கம்."

குசினிக்குப் போய்ச் சின்னக் கத்தியோடு வந்தாள். கசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் உண்டு. அவற்றை உடைத்துவிட்டால் மெசினில் பதிவுப் பொத்தான் கீழே போகாது, பதிந்தது பதிந்ததுதான். அவர் பார்த்துக்கொண்டிருக்க, கத்தி முனையால் ஒன்றை நெம்பினாள். அது தெறித்துக் கம்பளத்தில் விழுந்தது. மற்றதையும் நெம்பினாள்.

ஆறரை ஆகியிருந்தது. ரெலிபோனை எடுத்து விமலாவைக் கூப்பிட்டாள். கசெட் இருக்கிறது, ஏழரைக்கு வருகிறேன், மாமியாரையும் இருக்கச் சொல்லும் என்றாள். காரைத் தான் ஓட்டுவதாக இந்திரகுமார் சொன்னார். வேண்டாம் என்று சொல்லி, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு, கசெட்டைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்து மூடி, தட்டில் மிஞ்சியிருந்த ரோல்ஸையும் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.