உரிய நேரத்தில் ஆவன செய்யப்படும்

அழகிரிசாமி இண்டஸ்ட்ரீஸின் வரவேற்பறையில் ஒரு மின்விசிறி இருக்கிறது. அது சுற்றாது. பழுது ஒன்றும் இல்லை. பல வருடங்களுக்கு முன்பு வெளியூர் வியாபாரி ஒருவர் நீட்டிய விசிட்டிங் கார்டு அதன் காற்றில் பறந்து சேர்மனின் காலடியில் விழுந்தது. "அதை நிறுத்துங்க" என்றார் சேர்மன். நிறுத்தினார்கள். மறுபடி போடுங்க என்று அவர் சொல்லவில்லை, அதனால் யாரும் போடவில்லை. சித்திரை வெயிலில் வந்து உட்காருகிறவர்கள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு, கரண்ட் இல்லையோ என்று கேட்பார்கள். இருக்குதுங்க என்று பதில் வரும். அதோடு சரி.

கணபதி பகுதியில் மோட்டார் பம்பு செய்யும் அந்தக் கம்பெனிக்கு எழுதாத சட்டம் இது: சேர்மன் ஒன்றைச் சொன்னால், அவரே ரத்து செய்கிறவரை அது நிற்கும்.

அழகிரிசாமிக்குப் பம்பு போக வேறு பொறுப்புகளும் நிறைய. சங்கம் இருந்த இடத்திலெல்லாம் தலைவரானார். இல்லாத இடத்தில் சங்கம் ஆரம்பித்துத் தலைவரானார். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் காலையில் ஒரு வணக்கம் போகும். உதிக்கும் சூரியன், பக்கத்தில் சேர்மன். சூரியன் சற்றுச் சிறியதாக இருக்கும்.

ஆனால் அவர் போனைத் தொடமாட்டார். நாலு பேர் முன்னால் குனிந்து உட்கார்ந்து போனை நோண்டுகிறவனைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. ஆகவே அவருடைய வாட்ஸ்அப், மேனேஜர் ஞானாபரணத்தின் மேஜைக் கம்ப்யூட்டரில் இணைக்கப்பட்டது. திரையில் தெரிந்த கட்டத்துக்கு நேராக சேர்மன் போனைப் பிடித்ததை, குத்துவிளக்கு ஏற்றுவதைப் போலப் போட்டோ எடுத்து எல்லாக் குழுவுக்கும் அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஆபீஸ் நேரத்தில் போன் சேர்மனின் டிராயரில் கிடக்கும். வருகிற செய்திகளை ஞானாபரணம் கம்ப்யூட்டரில் பார்த்துப் பதில் போடுவார்.

பதில் என்றால் ஒரே பதில். அழகிரிசாமி யோசித்து யோசித்து, மூன்று நாள் திருத்தித் திருத்தி எழுதியது: "பேரன்புடையீர், தங்கள் மேலான செய்தி கிடைக்கப்பெற்றேன். உரிய நேரத்தில் ஆவன செய்யப்படும். தங்கள் நலம் நாடும், ப. அழகிரிசாமி, நிறுவனர் மற்றும் தலைவர்." கடைசியில் கூப்பிய கைகள். பார்த்துவிட்டுப் பதில் போடாதவர் என்று எவனும் பேசிவிடக் கூடாது என்பதால், செய்தி வந்த பத்து நிமிடத்துக்குள் இது போயாக வேண்டும். பதில் போட்டதும் அந்த உரையாடலைத் திரையில் தெரியாதபடி ஆர்கைவில் தள்ளிவிட வேண்டும். அவருடைய மேஜை போலவே அவருடைய வாட்ஸ்அப்பும் காலியாக, துடைத்துவிட்டதாக இருக்க வேண்டும். சாயந்திரம் வீட்டுக்குக் கிளம்பும்போது டிராயரிலிருந்து போனை எடுத்தால் திரை பளிச்சென்று இருக்கும்.

அந்தப் பளிச்சில் அவர் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது அவர் மனைவி ராமாமணிக்கு மட்டும் தெரியும்.

அவர்களுடைய ஒரே மகள் ஷ்ரவ்யா, தன்னோடு வேலை பார்த்த சைமனை மூன்று வருடங்களுக்கு முன்பு சர்ச்சில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அது ஞானாபரணம் போகும் சர்ச். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது. ஓலையைக் கேட்டுவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் போலத் திங்கட்கிழமை டெண்டர் வேலை பார்த்திருக்கிறார் என்பது ஞானாபரணத்தின் மேல் குற்றச்சாட்டு. ஆபீஸே எழுந்து நிற்க, சேர்மன் தீர்ப்புச் சொன்னார். இனி அவள் பெயர் ஞானாபரணத்தின் வாயில் வந்தால் அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போகலாம். எதையும் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கத்தில், பாப்பாவிடமிருந்து மெசேஜ் வந்தால் என்ன செய்வது என்று ஞானாபரணம் கேட்டார்.

"வெளியாளுக்குப் போடற பதிலையே போடுங்க" என்றார் அழகிரிசாமி.

கோபம் ஒரு வருடத்தில் ஆறிவிட்டது. கௌரவம்தான் ஆறவில்லை. முதல் வார்த்தை அவளிடமிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்த்தார். வந்தால், அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. அவளுடைய பழைய அறைக்குப் புது ஏசி மாட்டச் சொன்னார். விருந்தாளிகளுக்காம். தினமும் சாயந்திரம் அவிநாசி ரோட்டு நெரிசலில் கார் நிற்கும்போது, டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டு, போனைத் திறப்பார். பளிச். பிடிவாதக்காரி என்று சொல்லி மூடிவிடுவார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும்.

இதையெல்லாம் ராமாமணி மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கணவருக்குத் தெரியாமல் போய்ப் பேத்தி ஆஷ்லியைத் தூக்கிவிட்டும் வந்திருந்தார். சைமனுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கேயே போய்விடுவது என்று முடிவானபோது, ராமாமணிதான் ஷ்ரவ்யாவை நச்சரித்தார். உன் நைனா தானாகப் பேசமாட்டார், ஆனால் தினம் போனைத் திறந்து உன் பேரைத் தேடுகிறார், ஒரே ஒரு மெசேஜ் போடு, மனுஷன் உருகிவிடுவார்.

வியாழக்கிழமை முற்பகல் மெசேஜ் வந்தது. அந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும்.

"நைனா, நான் ஷ்ரவ்யா. ஞாயித்துக்கிழமை நியூசிலாந்து போறோம். இனி அங்கதான். போறதுக்கு முன்ன ஒருக்கா ஊட்டுக்கு வரட்டுங்களா? ஆஷ்லிக்கு உங்களைக் காட்டோணும். வான்னு ஒரு வார்த்தை போட்டீங்கன்னா போதும்."

ஞானாபரணம் திறந்ததும் இரண்டு டிக்கும் நீலமாயின. நகரத்தின் மறுபக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, அப்பா படித்துவிட்டார் என்று அர்த்தம். ஞானாபரணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். மெசேஜ் மாறவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஓலை வாசித்த ஞாயிறும், அதற்கப்புறம் ஆபீஸே எழுந்து நின்ற அந்தக் காலையும் ஞாபகம் வந்தன. பத்து நிமிடம் முடிவதற்குள், பேரன்புடையீர் என்று தொடங்கும் பதில் போய்விட்டது.

உடனே இன்னொன்று வந்தது. "இது நீங்க போட்டதா நைனா? ஞானாபரணம் அங்கிள், நீங்க பாக்கறீங்கன்னா தயவு பண்ணி நைனாகிட்ட காட்டுங்க."

ஞானாபரணம் கோழை என்றாலும் கல் இல்லை. எழுந்து சேர்மன் அறைக்குப் போனார். அங்கே சேர்மன் நின்றபடி, சனிக்கிழமை நடக்க இருந்த சங்கத்தின் குடும்ப விழாவுக்குப் பேச்சு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பு, 'உறவே உயிர்'.

"சேர்மன், ஒரு மெசேஜுங்க."

"பதில் போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க. இருந்தாலும் நீங்க ஒருக்காப் பாத்தீங்கன்னா தேவலைங்க."

"யாரு, அந்தப் பெருந்துறைக்காரனா? மோட்டார் புகைஞ்சா நான் என்ன பண்றது? அவன் ஊட்டு கரண்ட் அப்படி."

"அவரு இல்லீங்க. இது வந்து, ஊட்டு விசயமுங்க."

"ஏனுங்க ஞானாபரணம், ஆபீசுல ஊட்டு விசயம் பேசப்படாதுன்னு சொல்லியிருக்கறேனில்ல? கலெக்டரே போட்டாலும் ஒரே பதில். மரியாதைன்னா எல்லாத்துக்கும் ஒரே அளவு. அதைத்தான் இங்கயும் எழுதியிருக்கறேன், கேக்கறீங்களா?"

கேட்டார். உறவு என்பது காத்திருப்பது அல்ல, கைநீட்டுவது என்று ஒரு வரி வந்தது. சேர்மன் அந்த இடத்தில் நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டார். ஞானாபரணத்தின் வாய்வரைக்கும் ஒரு பெயர் வந்தது. வீட்டில் மகள் அமலிக்கு இப்போதுதான் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பெயர் திரும்பி உள்ளே போய்விட்டது.

"அப்ப, அதே பதிலைப் போட்டறட்டுங்களா?"

"போட்டுருங்க."

இரண்டாவது தடவையும் அதே பதில் போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஷ்ரவ்யாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை: "சரிங்க." அதற்குப் பதில் போடும் துணிச்சல் ஞானாபரணத்துக்கு இல்லை. ஆர்கைவில் தள்ளினார். திரை காலியாயிற்று.

அன்று சாயந்திரம் காரில் சேர்மன் போனைத் திறந்தார். பளிச். வெள்ளிக்கிழமையும் பளிச். சனிக்கிழமை விழாவில் கைநீட்டும் வரிக்கு அவர் எதிர்பார்த்ததைவிட நீளமாகக் கைதட்டினார்கள். அவரே பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியதாகப் போயிற்று. முன்வரிசையில் இருந்த ராமாமணி மட்டும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று சேர்மன் நினைத்தார்.

ஞாயிறு காலையில் ராமாமணி, காங்கேயத்தில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மத்தியானம் மூன்று மணிவாக்கில் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். போய்விட்டார்கள் என்றார் தெலுங்கில். யார் போனது, எங்கே போனது என்று அழகிரிசாமி கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏர்போர்ட்டுக்குள் குழந்தை தோளில் தூங்கியபடியே போனது. ஷ்ரவ்யா அழவில்லை. கடைசிவரை அழவில்லை.

அழகிரிசாமி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஒரு வார்த்தை எனக்குப் போட்டிருக்கலாமே என்றார். நாடு விட்டுப் போகிறவள் பெற்ற தகப்பனுக்கு ஒரு மெசேஜ் போடக் கூடாதா, அதற்குமா பிடிவாதம் என்றார்.

ராமாமணி கணவனை முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். போட்டாள் என்றார். நீங்களும் பதில் போட்டீர்கள், இரண்டு தடவை. பிறகு அந்தப் பதிலை முழுசாக ஒப்பித்தார், கூப்பிய கைகள் உட்பட. மகள் காட்டியிருந்தாள்.

அழகிரிசாமி போனை எடுத்துத் திறந்தார். பளிச்சென்று இருந்தது. ஆர்கைவ் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தான் உத்தரவிட்ட சுத்தத்தில், தன் மகளை எங்கே தேடுவது என்று தெரியாமல் விரலால் திரையை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் ஞானாபரணத்தின் நாற்காலியில் சேர்மன் உட்கார்ந்திருந்தார். ஞானாபரணம் பக்கத்தில் நின்று மவுசை நகர்த்தி எடுத்துக் காட்டினார். சேர்மன் படித்தார். 'சரிங்க' என்பதில் வெகுநேரம் நின்றார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"சொல்லத்தானுங்க வந்தேன்."

"பேரைச் சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு ஓடியாந்திருக்க மாட்டேனா?"

"பேரைச் சொல்லப்படாதுன்னு சொல்லியிருந்தீங்க, சேர்மன்."

"அது எந்தக் காலத்துலயோ சொன்னதய்யா."

"ரத்துப் பண்ணலீங்களே" என்றார் ஞானாபரணம். அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

திரைப் பக்கம் திரும்பி, வா என்று போடச் சொன்னார் அழகிரிசாமி. வா மட்டுமுங்களா என்று கேட்டார் ஞானாபரணம். வாம்மா என்று போடச் சொன்னார். தட்டி முடித்ததும், கைப்பழக்கத்தில் 'தங்கள் நலம் நாடும்' தானாக வந்து அடியில் ஒட்டிக்கொண்டது. ஞானாபரணம் பதறிப்போய் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். நிறுவனர் போனார், தலைவர் போனார். 'வாம்மா' மட்டும் மிஞ்சியது. அனுப்பினார்.

ஒரு டிக் வந்தது. இரண்டாவது வரவில்லை.

"சிம்மைக் கழட்டிப் போட்டாங்களாட்ட இருக்குதுங்க."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன சேர்மன் சாப்பிட உட்காரவில்லை. நடந்ததை முழுக்க மனைவியிடம் சொன்னார். நான் பார்க்கவே இல்லை, அது ஆபீஸில் போட்டது என்றார். அது உங்கள் வார்த்தை இல்லையா என்று கேட்டார் ராமாமணி. என் வார்த்தைதான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு, எந்தச் சங்கத்திலும் யாரும் கேட்டிராத குரலில், மகளுடைய புது நம்பரைக் கேட்டார். கிளம்பும் முன்பே கொடுத்திருந்ததால் அது ராமாமணியிடம் இருந்தது. கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று ஷ்ரவ்யா சத்தியம் வாங்கியிருந்தாள்.

நாற்பது வருடங்களாகக் கணவரோடு தெலுங்கைத் தவிர எதிலும் பேசியிராத ராமாமணி, அப்போது தமிழில் பேசினார்.

"உரிய நேரத்தில் ஆவன செய்யப்படுமுங்க."

சொல்லிவிட்டு, தட்டை எடுத்து வைக்கச் சமையலறைக்குள் போனார்.

அன்று சாயந்திரம் ஆபீஸைப் பூட்டும் நேரத்தில், கம்ப்யூட்டரை அணைக்கட்டுங்களா என்று ஞானாபரணம் கேட்டார். இரண்டாவது டிக் வருகிறவரை அது அப்படியே இருக்கட்டும் என்றார் சேர்மன்.

இருக்கிறது. ஞானாபரணம் வேலைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டார். காலை வணக்கம் நின்றுபோனது. சூரியன் தனியாக உதிக்கிறது. மின்தடை என்றால், அந்த ஒரு திரைக்கு மட்டும் பேட்டரி வைத்திருக்கிறார்கள். பெருக்க வருகிற பெண் மேஜையைத் துடைக்கும்போது கீபோர்டில் கை பட்டுவிடாமல் சுற்றித் துடைக்கிறாள். வரவேற்பறையில் ஓடாத மின்விசிறிக்கு அடியில் வியர்த்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு, கண்ணாடித் தடுப்பு வழியாக அந்தத் திரை தெரியும். ஆளில்லாத மேஜையில் கம்ப்யூட்டர் ஓடுகிறதே, அணைக்க மறந்துவிட்டீர்களா என்று சிலர் கேட்பதுண்டு.

மறக்கலீங்க என்று பதில் வரும்.